பழச்சாறும் தேறலும்

தமிழிலக்கியம் கற்பிப்போருக்கு விஞ்ஞானம் வேண்டாததொன்று என எண்ணியிருந்தோருள் யானும் ஒருவன். அவ்வெண்ணம் பிழையென்பதை எமது கல்லூரி மாணாக்கர் இருவர் எனக்கு உணர்த்தினர். அவர்களுக்கு அன்று கூறத் தவறிய விடையே இக்கட்டுரை.

உயர்தர வகுப்பிலே ஒருநாள் அகநானூற்றின் இரண்டாம் பாடலை விளக்கிக் கொண்டிருந்தேன். அது கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு. மலைச்சாரலிலே கனிந்துதிர்ந்த வாழைப்பழமும் பலாச்சுளையும் பாறையிடத்துள்ள சுனையில் வீழ்ந்து, நாட்பட ஊறித் தேறலாகின்றன. அதனை நீரென்று கருதி அருந்திய கடுவன், மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரத்தில் ஏறமாட்டாது, உதிர்ந்த மலர்களின்மேல் மகிழ்ந்து துயில்கின்றது. தலைவனைத் திருமணத்துக்குத் தூண்டும் தோழி, அவனது மலைவளத்தைக் கூறுமிடத்து இக்காட்சியை வைக்கிறாள்.

யான் உள்ளுறை, இறைச்சி என்று விரித்துச் செல்லுகையில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், சுனைக்குள்ள ஆர் கள்ளு ஊத்தினது? குரங்கு எப்படி வெறிச்சது?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்து, "அது புலவனின் கற்பனை" என்று கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன்.

மணி அடித்தபின், சிரியாதிருந்த வேறொரு மாணாக்கன் என்னிடம் வந்தான். "அது கற்பனையில்லை, சேர். எங்கட காணிக்குப் பின்னால பற்றைக்குள்ள கோடா ஊற வைக்கிறவை. அதுவும் தானாத்தான் நுரைக்கும்" என்று மெல்லக் கூறிச் சென்றான். கசிப்பினால் அவன் வீடு எந்நிலையை அடைந்தது என்பதை யான் அறிவேன். பதினேழு வயதுச் சிறுவன் அறிந்திருந்த உண்மையைக் கற்பனையென்று கூறிய ஆசிரியனாக அன்று வீடு சென்றேன். அதன்பின் விஞ்ஞான ஆசிரியர்களான நண்பர்களை அணுகியும் நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

நொதித்தல் என்பது யாது?

பழத்தின் இனிப்புக்குக் காரணமான குளுக்கோசு முதலியவற்றை எமது விஞ்ஞான பாடநூல்கள் வெல்லம் என்ற பொதுப்பெயரால் வழங்கும். அவ்வெல்லத்தை உண்டு வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. அதற்கு மதுவம் என்பது பெயர். தமிழ்நாட்டார் ஈஸ்ட் என்பதும் இதனையே. இஃது ஒருகலத்தாலான பங்கசு, கண்ணுக்குப் புலனாகாதது, பழத்தோலிலும் பூவின் தேனிலும் ஈ முதலிய பூச்சிகளின் உடலிலும் இயல்பாகவே உறைவது. பழம் நசுங்கிச் சாறு வெளிப்பட்டதும் மதுவம் அதனுட் புகுந்து பெருகத் தொடங்கும்.

காற்றுத் தாராளமாகக் கிடைக்குமிடத்து அது பெரும்பாலும் தன் இனத்தைப் பெருக்கும். காற்றுக் குறைந்தவிடத்து வெல்லத்தைப் பிளந்து மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றி, அதனாற் பெறும் சத்தியைக் கொண்டு வாழும். இச்செயலே நொதித்தல். 180 கிராம் குளுக்கோசு முற்றாக நொதித்தால் ஏறத்தாழ 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் வாயுவும் தோன்றும் என்பது கணக்கு. நுரை என்று நாம் காண்பது அவ்வாயு மேலெழும் தோற்றமே. ஆகவே கபிலரின் சுனையிற் கள் ஊற்றினார் ஒருவருமில்லை. வாழைக்கனியும் பலாச்சுளையும் வெல்லத்தை ஈந்தன. அவற்றின்மேல் உறைந்த மதுவம் எஞ்சிய வேலையைச் செய்தது.

மேலைநாட்டில் இவ்வுண்மை புலப்பட்டதும் ஒரு மாணாக்கனின் வாயிலாகவே. 1856 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லீல் நகரிலே லூயி பாச்சர் பேராசிரியராயிருந்தார். அவருடைய மாணாக்கர் ஒருவரின் தந்தை, பீற்றுக் கிழங்கின் சாற்றிலிருந்து மதுசாரம் வடிப்பவர். அவரது தொட்டிகளிற் சில காரணமின்றிப் புளித்துக் கெட்டன. பாச்சர் நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கியபோது, நல்ல தொட்டியிலே உருண்டை வடிவான மதுவத்தையும், கெட்ட தொட்டியிலே அதனினும் சிறிய கோல் போன்ற வேறு உயிர்களையும் கண்டார். நொதித்தல் உயிரின் தொழில் என்று அவர் நிறுவினார். 1897 இல் எட்வாட் புக்னர் என்னும் செருமானியர், மதுவத்தை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் வெல்லத்தை நொதிக்கச் செய்யும் எனக் காட்டினார். அதற்குக் காரணமான பொருள்களையே இன்று நொதியங்கள் என்கிறோம். இந்த ஆய்வுக்காக 1907 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சாற்றின் மூன்று நிலைகள்

பழச்சாறு மூன்று நிலைகளைக் கடக்கும். முதல் நிலையில் அஃது இனிப்பு. இரண்டாவதில் வெல்லம் மதுசாரமாகித் தேறலாகும். மூன்றாவதிற் காற்றுப் புகுமாயின் அசற்றிக்கமில பற்றீரியா என்னும் வேறோர் உயிர் தோன்றி, மதுசாரத்தை ஒட்சிசனோடு சேர்த்துப் புளிக்காடியாக மாற்றும். சந்தையில் நாம் வாங்கும் வினாகிரி இதுவே. கள்ளு நாட்பட்டால் மூக்கைத் துளைக்கும் புளிமணம் வீசுவதும் இதனாலேயே.

பனையிலும் இதனைக் காணலாம். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் விடியலில் இறக்குவது கருப்பணி. பூசாது கட்டினால் இறக்குவது கள்ளு. மரமும் பாளையும் சாறும் ஒன்றே. சுண்ணாம்பின் காரத்தன்மையில் மதுவம் பெருகமாட்டாது. ஒரு விரற்பூச்சுச் சுண்ணாம்பு, பனங்கட்டிக்கும் கள்ளுக்கும் இடையில் நின்று வழியைப் பிரிக்கின்றது. பாச்சருக்குப் பன்னெடுங்காலம் முன்பே எம்முன்னோர் இதனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதியிலே, வீட்டிற் சிறிதளவாக அரிசிக்கள் ஆக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைப்பர். வாயகன்ற தட்டிலிட்டு ஆற்றுவர். முளைத்த தானியத்தை இடித்துச் சேர்ப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுவர். வலிய வாயையுடைய சாடியிலே பச்சைத்தன்மை நீங்க முற்றவைப்பர். ஈற்றில் விரலால் அலைத்து வடிப்பர். இதனுள் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. சூடு தணியாத களியில் மதுவம் மடியும். ஆகவே ஆற்றுதல் வேண்டும். அரிசியின் மாப்பொருளை மதுவம் நேரே உண்ணமாட்டாது; முளைத்த தானியத்திலுள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக்கிக் கொடுக்கும். பாடலைப் பலமுறை படித்த எனக்கு இக்காரணங்கள் தெரிந்தபோதுதான் அவ்வடிகள் விளங்கின.

'தேறல்' என்னும் சொல்லையும் ஈண்டு நோக்குதல் தகும். தேறுதல் என்பது தெளிதல். கலங்கிய சாறு அடங்கி, மண்டி கீழே படிய, மேலே தெளிந்து நிற்பதே தேறல். ஆகவே அஃது ஒரு பொருளின் பெயராயினும், தன்னுள்ளே ஒரு செய்முறையையும் பொதிந்து வைத்திருக்கிறது.

பழத்தேறல் ஆக்கும் முறை

பிரித்தானியா முதலிய நாடுகளிலே தம் சொந்தப் பாவனைக்காகப் பழத்தேறல் ஆக்குதல் குற்றமன்று. அங்கு வாழும் எம்மவர் சிலரும் அதனைச் செய்கின்றனர். அவர்கள் ஒரு தடவையில் ஆக்குவது பெரும்பாலும் ஒரு கலன், அதாவது ஏறத்தாழ நாலரை இலீற்றர். அம்முறையைச் சுருங்கக் கூறுவேன்.

அன்னாசி போன்ற பழத்தில் ஒன்றரைக் கிலோ எடுத்துத் தோல்சீவி நசுக்குவர். செம்பு, பித்தளை, இரும்பு ஆகியவற்றைப் பழ அமிலம் அரிக்குமாதலின் கண்ணாடி அல்லது துருவேறா உருக்குப் பாத்திரத்தையே கொள்வர். கொதிக்க வைத்த நீரை அதன்மேல் ஊற்றி, ஏறத்தாழ 800 கிராம் சீனி கரைத்து, புளிப்புக் குறைந்த பழமாயின் இரண்டு தேசிக்காயின் சாறு பிழிவர். புளிப்புச் சுவைக்காக மட்டுமன்று. தீய பற்றீரியாக்கள் பல புளிப்பிற் பெருகமாட்டா. நீர் கையிற் பட்டால் இளஞ்சூடு என்னும் அளவுக்கு ஆறியபின் ஒரு தேக்கரண்டி மதுவம் இட்டு, துணியால் மூடி, நாலைந்து நாட்கள் நாளுக்கு இருமுறை கிளறுவர். பின்னர் வடித்து, கழுத்தொடுங்கிய கண்ணாடிச் சாடியில் நிரப்பி, தக்கையினூடே ஒரு குழாய் செருகி, அதன் மறுமுனையை நீருள்ள குவளையில் அமிழ்த்துவர். உள்ளிருந்து வாயு குமிழியாக வெளிச்செல்லும், வெளிக்காற்று உட்செல்லாது, ஆதலின் காடியாகும் ஆபத்துக் குறையும்.

குமிழிகள் நின்றடங்க நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அப்பொழுது அடியிற் படிந்த மண்டி கலங்காதவாறு மேலுள்ளதை வேறு சாடிக்கு மாற்றுவர். இரண்டு மாதத்தின்பின் மீண்டும் ஒருமுறை மாற்றுவர். அதன்பின்னரே அது தெளிந்து தேறலாகும். ஒரு இலீற்றரிலே ஏறத்தாழ 17 கிராம் வெல்லம் நொதித்தால் மதுசாரம் நூற்றுக்கு ஒரு பங்கு உயரும். பழத்தின் வெல்லமும் சேர, மேற்கூறிய அளவில் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு வரை மதுசாரம் இருக்கும். இம்முறையில் ஆவன மூன்று: தூய்மை, அளவு, பொறுமை. எமது வன்னியின் வெயிலில் இவற்றோடு குளிர்ச்சியும் வேண்டும். வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்தால் மதுவம் தளரும். வேறு உயிர்கள் புகுந்து சுவையைக் கெடுக்கும்.

சட்டமும் ஒழுக்கமும்

இத்துணையும் கேட்ட மாணாக்கர் ஒன்றை மறவாதிருக்கக் கடவர். எமது நாட்டில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் ஆக்குதல் குற்றமாகும். முறைப்படி ஆக்குவோரும் இங்கு இல்லாமலில்லை. 1928 ஆம் ஆண்டில் தோமஸ் அடிகளார் நிறுவிய தோலகட்டிச் செபமாலைத் தாசர் ஆச்சிரமம், கத்தோலிக்கரின் பூசைக்குரிய முந்திரிகை இரசத்தாலும் நெல்லி இரசத்தாலும் வடமாகாணம் முழுவதும் பெயர்பெற்றது. ஒரே ஆச்சிரமத்திலே ஒரு பழச்சாறு நொதிக்கவிடப்படுவதும், இன்னொன்று நொதியாது காக்கப்படுவதும் எமது பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

எமது இலக்கியமும் இவ்விடயத்தில் இருபுறமும் பேசுகின்றது. அதியமான் தன்னிடமிருந்த கள்ளை எங்ஙனம் பகிர்ந்தளித்தான் என்று கூறி ஔவையார் அழுத பாடல் புறநானூற்றில் உண்டு. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். முன்னதை மறைத்துப் பின்னதை மாத்திரம் கற்பித்தல் நேர்மையன்று. முன்னதைக் கற்பித்துப் பின்னதை விடுத்தலும் தகாது.

இனி, அச்சிறுவன் கூறிய கோடாவுக்கு வருவோம். கோடாவும் நொதித்த கலவையே. ஆயின் நொதித்தலுக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது. மதுசாரம் நூற்றுக்கு 14 அல்லது 15 பங்கை எட்டும்போது, பெரும்பாலான மதுவம் தான் ஆக்கிய பொருளாலேயே செயலிழக்கும். மதுசாரம் 78 பாகையிற் கொதிப்பது. நீர் 100 பாகையிற் கொதிப்பது. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்திக் கோடாவைக் காய்ச்சி ஆவியைக் குளிரச் செய்து வடித்தால் இயற்கையின் எல்லை கடக்கப்படும். அதுவே கசிப்பு. அதனை மறைவிற் காய்ச்சுவோர் அளவும் அறியார், தூய்மையும் பேணார். கைத்தொழிற்சாலைகளுக்குரிய மெதனோல் போன்ற நஞ்சு கலக்கப்பட்ட சாராயம் கண்ணைப் பறித்து உயிரையும் போக்கும். "எல்லாம் பழச்சாறுதானே" என்போருக்கு இந்த வேறுபாட்டைக் கூறக் கூடியவனாக எம் மாணாக்கன் இருத்தல் வேண்டும்.

நொதியாமற் காக்கும் வழி

நொதித்தலை அறிந்தவனே அதனை நிறுத்தவும் வல்லவன். எமது பிரதேசத்திற் பெரிதும் வேண்டப்படுவது இவ்வறிவே.

வைகாசி, ஆனி மாதங்களிலே ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் ஆகிய பகுதிகளின் காடுகளிற் பாலை மரங்கள் மஞ்சட் கனிகளைச் சொரியும். கரடிக்கும் அஃது உவப்பான உணவாதலின், பழம் பொறுக்கச் செல்வோர் கூட்டமாகவே செல்வர். வீட்டுக்கு வந்த பழம் ஓரிரு நாளிற் புளிக்கத் தொடங்கும். ஆகவே அதனைப் பிழிந்து காய்ச்சிப் பாலைப்பழப் பாணியாக்கி வைப்பது எம் தாய்மாரின் வழக்கம்.

என் தாயாரும் அவ்வாறே செய்தார். கடைச்சரக்கு அருகியிருந்த காலம். சீனிக்குப் பதிலாக அப்பாணியே எமக்குத் தேநீருடன் கடிக்கும் இனிப்பு. ஓராண்டு விறகு ஈரமாயிருந்தமையாற் பாணியை இளம்பதத்தில் இறக்கி, போத்தலின் வாய்வரை நிரப்பி, இறுக அடைத்து அடுக்களைத் தட்டில் வைத்தார். பத்தாம் நாள் இரவு அது வெடித்தது. கண்ணாடிச் சில்லு என் இடக்கையிற் பதித்த வடு இன்றும் உண்டு. அம்மா அதனைக் கண்ணூறு என்றே கடைசிவரை நம்பினார்.

கண்ணூறன்று, கணக்கு. பாணியிலே நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் வெல்லமிருந்தால் மதுவம் வேண்டிய நீரைப் பெறமாட்டாது ஒடுங்கும். இளம்பதத்தில் நீர் மிகும், மதுவம் விழிக்கும். ஒரு இலீற்றரில் 24 கிராம் வெல்லம் நொதித்தாலே, சம்பேன் போத்தலின் உள்ளிருக்கும் அமுக்கம், அதாவது வெளிவளியின் அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு, உண்டாகும். சம்பேனுக்குத் தடித்த தனிப்போத்தல் செய்வர். எமது அடுக்களைப் போத்தல் எவ்வாறு தாங்கும்?

ஆதலின் வழிகளைத் தொகுத்துக் கூறுவேன். பாணியாயின் கம்பிப்பதம் வரும்வரை காய்ச்சி, ஈரமற்ற போத்தலில் நிரப்புக; ஈர அகப்பையை இடாதொழிக. சாறாகவே வைப்பதாயின், போத்தலில் இரண்டு விரற்கடை இடம்விட்டு நிரப்பி, மூடியைத் தளரவிட்டு, 80 பாகை வெப்பமுள்ள நீரில் இருபது நிமிடம் வரை வைத்துப் பின்னர் இறுக மூடுக. பாச்சர் திராட்சைத் தேறலைக் காக்கக் கண்ட சூட்டு முறையின் வழிவந்ததே இதுவும். புளிப்புக் குறைந்த பழத்துக்குத் தேசிக்காய்ச் சாறு சேர்க்க மறவற்க. அடைத்த போத்தலின் மூடி புடைத்தாலோ உள்ளே குமிழி தோன்றினாலோ முகத்தருகே திறத்தல் ஆகாது.

விடுமுறை முடிந்தபின் அதே வகுப்பில் அதே பாடலை மீண்டும் எடுத்தேன். "அன்று கற்பனையென்று கூறியது என் பிழை" என்று தொடங்கி, மேற்கூறியவற்றை விளக்கினேன். அன்று சிரித்தவன் வினாக்கள் பல தொடுத்தான். அன்று சிரியாதிருந்தவன் ஒன்றும் வினவவில்லை. ஆயின் பாடம் முடிந்ததும் பாணிக்கான பதத்தை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டான். அவனுடைய தாயார் பாலைப்பழம் பொறுக்கி விற்பவர். எழுதிக் கொடுத்தேன். அவ்வாண்டு ஆனியில் இரண்டு போத்தல் பாணி என் வீட்டுக்கு வந்தது. அது வெடிக்கவுமில்லை, புளிக்கவுமில்லை.

பழைய மாணாக்கரே! வெளிநாடுகளிலும் கொழும்பிலும் உயர்ந்த தொழில் புரியும் உங்களிற் பலர் இரசாயனமும் உணவு விஞ்ஞானமும் கற்றவர்கள். எமது காட்டுக்கனிகளைக் கெடாது காக்கும் வழியை எம் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்திலே செய்துகாட்ட, விடுமுறையில் வரும்போது ஒருநாளை ஒதுக்குவீர்களாயின் அதுவே இக்கல்லூரித் தாய்க்கு நீங்கள் செய்யும் நற்பணியாகும். தேறுதல் என்பது தெளிதல் என்று மேலே கூறினோம். சாறு தெளிவதிலும் மாணாக்கர் தெளிவதே எமக்கு வேண்டுவது.